சார்ஜ் இருந்தும் போன் ஏன் அணைந்து போகிறது?

ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றிவிட்டிருக்கிறார். போன டிசம்பரில் அவருடைய போனுக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. காலை ஆறு மணிக்கு ஆள் வரச்சொல்லிப் பேசிக்கொண்டிருப்பார், பாதிப் பேச்சில் திரை கறுத்துவிடும். "38 பர்சென்ட் இருந்துச்சு, நானே பாத்தேன்" என்பார். சார்ஜரில் செருகினால் உடனே உயிர் வந்துவிடும்.

சேலத்துக்கு இறங்கிவந்து ஒரு கடையில் காட்டினார். கடைக்காரர் அரை மணி நேரம் வைத்துப் பார்த்தார். வீடியோ ஓட்டினார், கேமராவைத் திறந்தார், தன் நம்பருக்கு ஒரு கால் போட்டார். போன் அசையவில்லை. "சாப்ட்வேர் கோளாறா இருக்கும்" என்று சொல்லி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிக் கொடுத்துவிட்டார். பேரன் பிறந்தபோது எடுத்த படங்கள் அதோடு போயின. மறுநாள் காலை மலைமேல் மறுபடியும் அதே கதை.

"சேலத்துக்கு வந்தா ராசாவாட்டம் வேல செய்யுது கண்ணு. மேல ஏறினா படுத்துக்குது" என்று என்னிடம் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்திலேயே நோய் என்னவென்று இருக்கிறது. கடைக்காரர் அதைக் கவனித்திருந்தால் படங்களை அழித்திருக்க வேண்டியதில்லை. சமதளத்தில் ஓடுகிற போன் மலையில் ஏன் அணைகிறது என்று புரிந்துவிட்டால், உங்கள் போன் எதனால் அணைகிறது என்பதையும் முக்கால்வாசி நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாயில் வரவில்லை

திரையின் மூலையில் தெரியும் சதவீதம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறது: பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை. அந்த மிச்சத்தை இந்த நொடியில், போன் கேட்கிற வேகத்தில், பேட்டரியால் வெளியே தர முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்குத் திரையில் எண் கிடையாது. ஆனால் போன் சட்டென்று அணைவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில் தோற்றுப்போவதால்தான்.

இதைத் தண்ணீரை வைத்துச் சொன்னால் சேலத்துக்காரர்களுக்கு உடனே புரியும். மேட்டூர்த் தண்ணீர் வருகிற நாளில் குடிக்கப் பிடித்து வைத்துக்கொள்வோம். மற்ற புழக்கத்துக்கெல்லாம் போர் தண்ணீர்தான். அந்த உப்புத் தண்ணீர் பல வருஷம் ஓடிய ஒரு பழைய இரும்புக் குழாயை அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே வெள்ளையாக, கல் போல உப்பு படிந்து, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். மொட்டைமாடித் தொட்டி பாதி நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமையலறைக் குழாயை லேசாகத் திறந்தால் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் யாராவது குழாயை முழுக்கத் திறந்தால் சமையலறையில் சொட்டுச் சொட்டாகிவிடும். தொட்டியில் தண்ணீர் குறையவில்லை. அந்தக் குழாயால் அவ்வளவு வேகத்துக்குத் தர முடியவில்லை, அவ்வளவுதான்.

பேட்டரிக்குள்ளும் கிட்டத்தட்ட இதேதான் நடக்கிறது, உப்புப் படிவு உட்பட. இன்று எல்லாப் போன்களிலும் இருப்பது லித்தியம்-அயன் வகைப் பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் அடிப்படையை உருவாக்கிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பேட்டரிக்குள் இரண்டு தகடுகள், அவற்றுக்கு நடுவே ஒரு திரவம். மின்னூட்டம் ஏறிய லித்தியம் அணுக்கள், அதாவது லித்தியம் அயனிகள், அந்தத் திரவத்தின் வழியாக ஒரு தகட்டில் இருந்து இன்னொன்றுக்குப் போய்வந்துகொண்டிருக்கும். சார்ஜ் ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம். அந்த இரண்டில் ஒன்றான கிராஃபைட் தகட்டின் மேல் முதல் நாளிலிருந்தே மெல்லிய படலம் ஒன்று படியும். அது தேவையானதுதான், தகட்டைக் காப்பாற்றுகிறது. ஆனால் வருஷம் ஏற ஏறப் படலம் தடித்துக்கொண்டே போகும். அயனிகள் அதைத் தாண்டி வரச் சிரமப்படும். இந்தச் சிரமத்தைத்தான் உள் மின்தடை என்கிறோம். படலத்துக்குள் மாட்டிக்கொண்ட லித்தியம் திரும்பி வராது என்பதால் தொட்டியின் கொள்ளளவும் சுருங்கும். ஆக, பழைய பேட்டரிக்கு இரண்டு நோய்: தொட்டி சிறுத்துவிட்டது, குழாயும் அடைத்துவிட்டது. எல்லாரும் முதல் நோயைப் பற்றித்தான் பேசுகிறார்கள், "சார்ஜ் நிக்க மாட்டேங்குது" என்று. போனை அணைப்பது இரண்டாவது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பள்ளியில் படித்த ஓம் விதி போதும்: மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால், எவ்வளவு வோல்ட் வழியிலேயே தொலைகிறது என்று வந்துவிடும். பேட்டரி சும்மா இருக்கும்போது 3.7 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் திடீரென்று 2 ஆம்பியர் கேட்கிறது. பேட்டரி புதிது, உள் மின்தடை 0.1 ஓம் என்றால் 0.2 வோல்ட் தொலையும், போனுக்கு 3.5 வோல்ட் கிடைக்கும், கவலையில்லை. அதே பேட்டரி மூன்று வருஷம் கழித்து 0.3 ஓமுக்கு வந்துவிட்டது என்றால் 0.6 வோல்ட் தொலையும், கிடைப்பது 3.1 மட்டும். ஒரு குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே போனால் போனின் சில்லுகள் (சிப்) தப்பும் தவறுமாக வேலை செய்யத் தொடங்கிவிடும். அதனால் அந்த எல்லையைத் தொட்டதும் போனே தன்னை அணைத்துக்கொள்கிறது. மாடலுக்கு மாடல் எல்லை மாறும்; 3.2 வோல்ட்டை ஒட்டி என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சரிவு ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் இருந்தாலும் போதும், போன் போய்விடும். சதவீதம் 38 என்றே இருக்கும்.

கிராமத்தில் போர் மோட்டார் போடும் கணத்தில் வீட்டு விளக்கு ஒரு முறை மங்கி எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதேதான். மங்கிய விளக்கு திரும்ப எழுந்துவிடும், போன் எழாது.

வெயில் கெடுக்கிறது, குளிர் காட்டிக்கொடுக்கிறது

இப்போது மலைக்கு வருவோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிக்கும்போது காற்று ஏழெட்டு டிகிரி குளிர்ந்திருக்கும். மார்கழி, தை மாத விடியற்காலையில் மேலே 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். நமக்கு அது ஸ்வெட்டர் போட வேண்டிய குளிர். பேட்டரிக்குள் இருக்கும் திரவத்துக்கு அயனிகளின் நடை மந்தமாகிவிடுகிற குளிர். ஆறிய தேங்காயெண்ணெய் ஊற்றுவதற்குத் தடுமாறுவது போல. உள் மின்தடை தற்காலிகமாகக் கூடும். புதுப் பேட்டரிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 12 டிகிரியில் எந்தப் புதுப் போனும் அணையாது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற பழைய பேட்டரியை அந்தக் கூடுதல் மின்தடை தள்ளிவிடுகிறது.

மலையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது, அதுதான் சிக்னல். டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெல்லப் பேசும். டவர் எங்கோ ஒரு முகட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தால் கத்தித்தான் பேச வேண்டும். 4ஜி-யில் போன் தொண்டை கிழியக் கத்தினாலும் சுமார் 0.2 வாட் அளவுதான். 2ஜி-யில் அதிகபட்சம் 2 வாட் வரை போகும், அதுவும் தொடர்ச்சியாக இல்லை, நொடிக்கு 217 துடிப்புகளாக. பழைய நாட்களில் ரேடியோ பக்கத்தில் போன் இருந்தால், கால் வருவதற்கு முன்பே 'டிட்டிடிட் டிட்டிடிட்' என்று ஸ்பீக்கர் உறுமுமே, அந்தச் சத்தத்துக்குக் காரணம் இந்தத் துடிப்புகள்தான். ஒவ்வொரு துடிப்பிலும் பேட்டரியிடம் இருந்து 2 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். நாகலூரில் மாமாவின் வீட்டுத் திண்ணையில் 4ஜி ஒரு கோடு காட்டும், இரண்டடி தள்ளிப்போனால் 2ஜி-க்கு விழும். ஆக, குளிரில் மந்தமான பேட்டரி, சிக்னல் இல்லாத இடத்தில் கத்துகிற போன், விடியற்காலையில் பேச்சு. மூன்றும் ஒரே நேரத்தில் கூடுகின்றன. சேலம் கடையில் 33 டிகிரி வெப்பம், தலைக்கு மேல் டவர். அங்கே அந்தப் போன் அணைவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

சரி, பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் கிழடானது? மாமாவின் போனுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. மலையில் குளிர்ச்சியாகத்தானே இருந்தது என்று எனக்கும் முதலில் குழப்பமாக இருந்தது. அப்புறம்தான் கேட்டேன், சேலத்துக்கு வரும்போது போனை எங்கே வைப்பீர்கள் என்று. ஜீப்பின் டாஷ்போர்டில், சார்ஜரில் செருகி, பாட்டுப் போட்டுக்கொண்டு வருவாராம். செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜாரில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு மூட்டை எடை போடப் போவார். போன் பாட்டுக்கு அங்கேயே கிடக்கும். சேலத்தில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் 60-ஐத் தாண்டிவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினை ஏறக்குறைய இருமடங்கு வேகமெடுக்கும் என்று வேதியியலில் ஒரு பொதுக் கணக்கு உண்டு. தகட்டின் மேல் படலம் தடிப்பதும் ஒரு வேதிவினைதான். 100 சதவீதம் சார்ஜோடு, செருகியபடியே, 60 டிகிரியில் மணிக்கணக்கில் கிடப்பதைவிடப் பேட்டரிக்குக் கெடுதல் செய்ய வேறு வழி தேடத் தேவையில்லை. வெயிலில் நடந்த சேதம் அப்போது தெரியாது. மலைக்குளிரில், ஆறு மாதம் கழித்து, அது வெளியே வருகிறது.

இந்தச் சிக்கல் விலை குறைந்த போன்களுக்கு மட்டும் வருவது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐபோன் 6எஸ் மாடலில் சில போன்கள் திடீரென்று அணைகின்றன என்று சொல்லி 2016 நவம்பரில் ஆப்பிளே இலவசமாகப் பேட்டரி மாற்றிக்கொடுக்க முன்வந்தது. 2017 தொடக்கத்தில் வந்த ஒரு மென்பொருள் புதுப்பிப்பில், பேட்டரி பழசாகிவிட்ட போன்களின் வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்தார்கள். காரணம் நாம் மேலே போட்ட அதே கணக்குதான்: சில்லு திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்காமல் பார்த்துக்கொண்டால் வோல்ட் சரியாது, போன் அணையாது. பொறியியலாக அது சரியான வழி. வாங்கியவர்களிடம் சொல்லாமல் செய்ததுதான் தப்பு. அந்த ஆண்டு டிசம்பரில் விஷயம் வெளியே வந்து, ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரில் இருந்து 29 டாலராகக் குறைத்தது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில் 2020-இல் 50 கோடி டாலர் வரை கொடுக்கச் சம்மதித்தது. விஷயம் வெளியே வந்த பிறகுதான், 2018-இல், ஐபோனின் செட்டிங்ஸில் பேட்டரியின் ஆரோக்கியம் எவ்வளவு என்று பார்க்கும் பக்கம் வந்தது. எல்லாப் போனிலும் முதல் நாளிலிருந்தே அது இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நீங்களே பார்த்துக்கொள்ளும் வழி

போன் அணைந்தவுடன் பதறி அதை அமுக்கி, இதை அமுக்கிப் பார்க்காதீர்கள். சார்ஜரில் செருகுங்கள், ஆன் செய்யுங்கள், சதவீதம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். நான் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் இதைத்தான் கேட்கிறேன், இவ்வளவு எளிதாக இவ்வளவு விஷயம் சொல்லும் சோதனை வேறில்லை.

அணையும்போது 38, செருகி ஆன் செய்தால் மறுபடியும் 38, 36 என்று காட்டினால் தொட்டியில் தண்ணீர் இருந்தது, குழாய் தரவில்லை என்று அர்த்தம். அதாவது உள் மின்தடை. அணையும்போது 38, திரும்ப வரும்போது 1 அல்லது 2 என்று காட்டினால் கதை வேறு. போன் பேட்டரிக்குள் குச்சி விட்டு அளந்து சதவீதம் சொல்வதில்லை. மளிகைக்கடைக் கணக்கு நோட்டு போல, உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது என்று எழுதி வைத்துக் கழித்துச் சொல்கிறது. தொட்டி சுருங்கியது நோட்டில் ஏறாவிட்டால் கணக்கு தவறிவிடும். இதற்கு ஒரு முறை போன் தானாக அணையும் வரை பயன்படுத்தி, பிறகு இடையில் எடுக்காமல் 100 வரை ஏற்றி, மேலும் ஒரு மணி நேரம் செருகியே வைத்தால் நோட்டுச் சரியாக வாய்ப்புண்டு. மாதாமாதம் இப்படிச் செய்யச் சொல்லும் அறிவுரையை நம்ப வேண்டாம். முழுக்கக் காலியாக்குவது பேட்டரிக்கு நல்லதில்லை. ஒரு தடவை போதும். அப்படியும் தவறினால் பேட்டரி போய்விட்டது.

இன்னொரு எளிய சோதனை: சார்ஜர் செருகியிருக்கும்போது கேமரா, வீடியோ கால், விளையாட்டு எல்லாம் ஓடுகிறது, பிடுங்கினால் அணைகிறது என்றால் பேட்டரிதான். செருகியிருக்கும்போதும் அணைகிறது என்றால் பேட்டரியை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும்.

வோல்ட்டை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: சில ஆண்ட்ராய்டு போன்களில் டயல் பேடில் *#*#4636#*#* என்று அடித்தால் ஒரு மறைவான மெனு திறக்கும், அதில் பேட்டரி விவரம் இருக்கும். பல புதுப் போன்களில் அதை எடுத்துவிட்டார்கள். அக்யூபேட்டரி போன்ற செயலிகளும் வோல்ட்டைக் காட்டும். சாம்சங்கில் மெம்பர்ஸ் செயலிக்குள் பேட்டரியைச் சோதிக்கும் வசதி உண்டு.

ஜனவரியில் ஒரு நாள் வோல்ட் காட்டும் செயலி ஒன்றோடு மலைக்குப் போனேன். போக வேண்டிய காரணம் ஒன்று இருந்தது. மிளகு பறிக்க ஏணியில் ஏறிய மாமா சறுக்கிவிட்டார். கணுக்கால் பிசகி, எழ முடியாமல் உட்கார்ந்தபடியே போனை எடுத்து அத்தைக்கு அடித்திருக்கிறார். ஒரு ரிங் போனது, அணைந்துவிட்டது. தோட்டத்தின் கீழ்க்கோடி அது. அத்தை தேடிக்கொண்டு வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. "ஒரு போனு, ஒரு நிமிசம் பேச விட்டிருந்தா போதும்" என்று அத்தை சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

விடியற்காலை ஆறரை. திண்ணையில் பனி மூட்டம், போன் தொடவே சில்லென்றிருந்தது. 41 சதவீதம். சும்மா கிடக்கும்போது 3.72 வோல்ட். மாமா தன் மகளுக்கு வீடியோ கால் போட்டார்: 3.44-க்கு இறங்கியது. செயலி ஒரு சில நொடிக்கு ஒரு தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும் என்பதால் உண்மையான அடிமட்டம் இதற்கும் கீழே இருந்திருக்கும். "இப்ப கேமரா லைட்டப் போடுங்க மாமா" என்றேன். விரல் பட்டது, திரை கறுத்தது. சார்ஜரில் செருகினோம். 40 சதவீதம். மாமா போனை உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதே போனைப் பத்து நிமிடம் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, உடம்புச் சூடு ஏறியதும் எடுத்தார். அதே கால், அதே லைட். அணையவில்லை.

பேட்டரி இல்லாத காரணங்கள்

அணைந்து அப்படியே கிடக்கிறதா, அணைந்து தானே மறுபடி ஆன் ஆகிறதா என்பதைக் கவனியுங்கள். தானே ஆன் ஆகிவந்தால் பெரும்பாலும் மென்பொருள் பக்கம் பார்க்க வேண்டும்: சமீபத்தில் போட்ட செயலி, அரைகுறையாக இறங்கிய புதுப்பிப்பு, நிரம்பி வழியும் நினைவகம். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு வரும். அதில் நாம் போட்ட செயலிகள் எதுவும் ஓடாது. ஒரு நாள் முழுக்க அதில் ஒழுங்காக இருந்தால் குற்றவாளி ஏதோ ஒரு செயலி. தினமும் ஒரே நேரத்தில் அணைந்தால், செட்டிங்ஸில் குறித்த நேரத்தில் அணைந்து எழும் வசதி தெரியாமல் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவனப் போன்களில் அது உண்டு.

கவரைக் கழற்றிப் பார்ப்பது காசில்லாத சோதனை. இறுக்கமான கவர் பவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் போன் அணைந்து அணைந்து எழும். பட்டன் இடுக்கில் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தாலும் அப்படித்தான். தட்டினாலோ மேசையில் வைத்தாலோ அணைகிறது என்றால், எப்போதோ கீழே விழுந்ததில் உள்ளே பேட்டரியின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். இது கடைக்காரர் வேலை, சின்ன வேலை. தண்ணீர் பட்ட போன் என்றால் தாமதிக்காமல் காட்டிவிடுங்கள், அரிசிக்குள் புதைத்து வைத்துக் காத்திருக்க வேண்டாம்.

சேலம் கோடையில் தனியாகச் சொல்ல வேண்டியது சூட்டு அணைவு. போன்களை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தவே பெரும்பாலும் வடிவமைக்கிறார்கள். நம் ஊர் மதியக் காற்றே அதைத் தாண்டிவிடும். பைக்கின் முன்னால் போனை மாட்டி, மேப் போட்டு, வெயிலில் ஐந்து ரோடு சிக்னலில் நின்றால் போன் முதலில் திரையை மங்கலாக்கும், பிறகு வேகத்தைக் குறைக்கும், பிறகு சூடு என்று எச்சரித்து அணையும். இது பழுதில்லை, தற்காப்பு. நிழலில் வைத்து ஆறவிடுங்கள். சூடான போனை ஃப்ரிட்ஜில் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். குளிர்ந்த போனை வெளியே எடுத்தவுடன், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போல உள்ளேயும் நீர் கோத்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஒன்று உண்டு. பின்பக்கம் புடைத்திருந்தாலோ, திரை ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அமுக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், தலையணைக்கடியில் வைக்காதீர்கள். அன்றைக்கே கொண்டுபோய்க் கழற்றச் சொல்லுங்கள். இதில் தீப்பற்றும் ஆபத்து உண்மையானது.

பேட்டரி மாற்றும் வரையும், மாற்றும்போதும்

மாற்றும் நாள் வரை ஓட்ட வேண்டும் அல்லவா? சார்ஜை 50-க்குக் கீழே விடாதீர்கள். மேலே இருக்கும்போது வோல்ட்டும் அதிகம், சரிவுக்கு இடமும் அதிகம். பேட்டரி சேவர் எப்போதும் ஆனில் இருக்கட்டும், சில்லின் திடீர்ப் பசியை அது கட்டுப்படுத்தும். குளிர் இடத்தில் போனை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும். யாரும் கூப்பிடக் காத்திருக்கவில்லை என்றால் மலையேறி முடியும் வரை ஃபிளைட் மோடில் போடலாம். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள், டவரைத் தேடிக் கத்தும் வேலை குறையும். தனியாகத் தோட்டத்துக்கோ காட்டுக்கோ போகிற பெரியவர்கள் கையில் ஒரு சின்னப் பவர் பேங்க் இருக்கட்டும். அணைந்த போனை அதில் செருகினால் ஓரிரு நிமிடத்தில் பேசலாம்.

ஆனால் இதெல்லாம் ஒட்டுப்போடுவதுதான். தீர்வு புதுப் பேட்டரி. ஒரு நல்ல போனைப் பேட்டரிக்காகத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குவது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம். நிறுவனத்தின் சேவை மையத்தில் முதலில் விலை கேளுங்கள். வெளிக்கடையில் மாற்றினால் பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எம்.ஏ.எச் எண்ணை, அதாவது தொட்டியின் கொள்ளளவைச் சொல்லும் எண்ணைப் பாருங்கள். உங்கள் பழைய பேட்டரி 4,000 என்றால், அதே அளவில், அதே தடிமனில் 6,000 என்று எழுதிய ஒன்றை நம்ப வேண்டாம். அது காகிதத்தில் மட்டும் இருக்கும் எண். போனைக் கொடுக்கும் முன் படங்களையும் எண்களையும் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். பேட்டரி மாற்ற போனை அழிக்கத் தேவையே இல்லை, அழிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என்று 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. சேவை மையத்திலேயே ஒப்படைத்துவிடலாம்.

மாமாவின் போனுக்குச் சேலத்தில் சேவை மையத்திலேயே மாற்றினோம். ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். வெளியே வந்து தள்ளுவண்டியில் ஆளுக்கு ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு, பீட்ரூட் துருவல் ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு மாமா கேட்டார்: "அப்ப ஜீப்புல பாட்டு?" போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ப்ளூடூத்தில் போடலாம் என்று காட்டினேன். சார்ஜ் 80-இல் நிற்கும்படியும் செட்டிங்ஸில் மாற்றிக் கொடுத்தேன்.

பிப்ரவரியில் மறுபடி அதே திண்ணையில், அதே ஆறரை மணிக்கு அளந்தோம். 43 சதவீதம், சும்மா இருக்கையில் 3.75 வோல்ட். வீடியோ காலும் கேமரா லைட்டுமாகச் சேர்ந்து இழுத்தபோது 3.61. போன வாரம் 14 சதவீதம் சார்ஜில் தோட்டத்தின் கீழ்க்கோடியில் நின்றுகொண்டு, மிளகு விலை என்னவென்று என்னிடம் இருபது நிமிடம் பேசினார்.